சாலையிலிருந்து தெரிந்த கபுர்கள்

1

எங்கள் தெருமுனையில் நின்ற பொம்மையைப் போன வாரம் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக வைத்த பொம்மை அது. ஆள் உயரத்தில் ஒரு ரோபோ, ஓடுவது போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எந்நேரமும் சிரித்துக்கொண்டு நிற்கும். போட்டி முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் சாயம் உரிந்து, ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது. கிரேன்காரர் அதன் கழுத்தில் பட்டையைப் போட்டுத் தூக்கினார். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள், பாவம், நன்றாகத்தானே இருந்தது என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பொம்மைக்காக அழவில்லை. எதற்காக என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். புதுச்சேரியில் என்னைத் தெரிந்தவர்கள் இன்னமும், "அவளுக்கு இன்னா, சைனாவுல செட்டிலாயிட்டா" என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. அவர்களும் படிக்கட்டும்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஹாங்சோவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு துணிச்சந்தை நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் சுடிதார் துணியில் பாதி இங்கிருந்து வருவதுதான். என் வீட்டுக்காரர் கமால், சென்னை வியாபாரிகளுக்காக இங்கே துணி பார்த்து வாங்கி அனுப்புகிறவர். இவருடைய அத்தா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு இவர் புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே துணியின் குற்றம் குறை பார்க்கக் கற்றுக்கொண்டு, அந்த வித்தையை வைத்தே இங்கே வந்து சேர்ந்தார். பிறகு என்னையும் மகள் ரிஸ்வானாவையும் கூட்டிக்கொண்டார். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

2

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் ஊருக்கு வந்ததென்னவோ ஒன்றிரண்டு ஆட்டங்கள்தான். மணியோசை மட்டும் இரண்டு வருஷம் அடித்தது. தொற்று நோயால் போட்டி ஒரு வருஷம் தள்ளிப்போனதால், அடித்த சாயத்தின் மேலேயே மறுபடியும் சாயம் அடித்தார்கள்.

கடைப் பலகைகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே எழுத்து ஆயின. சலூன் எது, மருந்துக்கடை எது என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று ஒரு நாள் கையில் சிவப்புப் பட்டை கட்டிய கிழவிகள் வந்து சொன்னார்கள். துணியை விற்றே பிழைக்கிற ஊரில் துணி கண்ணில் படக் கூடாதாம். சாயப்பட்டறைகளை நிறுத்தி வைத்தார்கள். வானம் நீலமானது, இவருடைய கையிருப்பு வெளுத்தது. மீன் வெட்ட ஒரு கத்தி வாங்கப் போனேன், பாஸ்போர்ட் கேட்டார்கள். மெட்ரோவில் ஏறும்போது பாட்டிலில் இருக்கும் தண்ணீரை அவர்கள் கண் எதிரே ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போலீஸ்காரர் வருவார். செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, அவ்வளவு மரியாதையாக வந்து, பீரோவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

நம் ஊரிலும் பெரிய மனுஷர் யாராவது வந்தால் வெள்ளையடிப்பதுண்டு. ஆனால் அது பீச் ரோட்டோடு நின்றுவிடும், குருசுக்குப்பம் வரைக்கும் வராது. இங்கே அடிக்க ஆரம்பித்தால் மலை மேல் இருப்பதையும் விடமாட்டார்கள். அந்தச் சுறுசுறுப்பை நானும் ஊருக்குப் போனில் மெச்சிப் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ரிஸ்வானாவைப் போட்டிக்குத் தொண்டர் வேலைக்கு எடுத்தார்கள். நாலு மொழி தெரிந்த பெண் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை. அங்கே அவளுக்கு லின் என்று வேறொரு பெயர். கூப்பிட்டால் அந்தப் பெயருக்குத்தான் முதலில் திரும்புவாள். சீனத்தில் அவள் பேசினால் அங்காடிக்காரிகள் வாயைப் பிளப்பார்கள். தமிழ் மட்டும் எட்டு வயதோடு நின்றுவிட்டது. பதினேழு வயதுப் பெண், அம்மாவிடம் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரிப் பேசுவாள். பெரிய விஷயம் எதையும் அந்தத் தமிழில் சொல்ல முடியாது. ஆகையால் பெரிய விஷயம் எதையுமே என்னிடம் சொல்வதில்லை என்று ஆனது.

என் சீனத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காய்கறிச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். விலை ஜாஸ்தி, கொஞ்சம் குறை, நாளைக்கு வருகிறேன். இந்த மூன்றை வைத்து ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

3

எங்களுக்கு இன்னொரு பெண் பிறந்தாள். ஊரையே அடைத்து வைத்திருந்த காலத்தில் பிறந்தாள். ஒரே ஒரு நாள் இருந்தாள். மர்யம் என்று பெயர் வைத்திருந்தோம்.

விமானம் இல்லை, ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இவருக்கு மட்டும் வெளியே போக அனுமதி கிடைத்தது. இங்கே ஊய் என்று சீன முஸ்லிம்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் அடக்கம் செய்கிற மையவாடி உண்டு. பள்ளிவாசல் இமாமை ஆஹோங் என்பார்கள். அந்த ஆஹோங்கும் இவரும், குழி வெட்ட இரண்டு பேரும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். மண்ணைத் தள்ளி மேடாக்கி, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று இரண்டு மீசான் கல் நட்டதாக இவர் சொன்னார். கல்லில் எழுத்து எதுவும் இல்லை.

நம் தெருவில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. பச்சைப்பிள்ளையின் கபுரில் யார் பெயர் எழுதுகிறார்கள்? என் அம்மா ஒரு ஆண் பிள்ளையைப் பறிகொடுத்தவள். எந்த இடம் என்று அத்தாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், அது போதும். அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. பெருநாள் அன்று அத்தா மையவாடிக்குப் போய்விட்டு வந்ததும் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "புல்லு மொளைச்சிருக்கா?" என்று மட்டும் கேட்பாள். பெண்கள் போகலாமா கூடாதா என்று கற்றவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எங்கள் தெருவில் சண்டையெல்லாம் இல்லை. போவதில்லை, அவ்வளவுதான்.

நானும் அப்படியே இருந்தேன். இங்கே ஊய்ப் பெண்கள் ஆண்களோடு கும்பலாக மலையேறிப் போவதைப் பார்த்து, இதென்ன இப்படி என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டதும் உண்டு. இவர் மட்டும் அவ்வப்போது போய் வருவார். திரும்பி வந்ததும் நானும் என் அம்மா கேட்டதையேதான் கேட்பேன்.

4

போட்டி நடந்த வருஷம் இவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்க, குற்றம் எதுவும் செய்யாதவர் என்று சொந்த ஊர்ப் போலீஸ் கொடுக்கும் சான்றிதழ் புதிதாக வேண்டும் என்றார்கள். அதில் வேறு இரண்டு இடத்தில் முத்திரை வாங்க வேண்டும். நேரில் போனால்தான் நடக்கும் என்று கிளம்பிப் போனார். போனவர் மாட்டிக்கொண்டார். ஒரு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் லீவு. அவர் வந்தபோது வீராம்பட்டினம் தேருக்கு ஊரே லீவு. இங்கே கேட்ட காகிதத்தின் பெயர் அங்கே இருக்கிறவருக்குப் புரியவில்லை. குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கப் படுகிற பாட்டுக்கு ஒரு குற்றத்தைச் செய்துவிட்டே போயிருக்கலாம் என்று போனில் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான், இங்கே வாட்ஸ்அப்புக்குப் பதிலாக இருக்கிற வீசாட்டில், பள்ளிவாசல் குழுவின் அறிவிப்பு வந்தது. ரிஸ்வானா படித்துச் சொன்னாள். மலையடிவாரத்தில் போட்ட புதுச் சாலை வழியாகத்தான் வீரர்களின் பஸ் போகும். சாலையிலிருந்து கண்ணில் படும் கபுர்களை எடுத்து, இரண்டு மலை தாண்டிப் புது மையவாடியில் வைக்கப்போகிறார்கள். உரியவர்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டும். கடைசி நாள் வரைக்கும் யாரும் கேட்டு வராதவற்றை மொத்தமாக அந்தச் சரிவிலேயே ஒரே குழியில் போட்டுவிட்டு, மேலே பூச்செடி வைப்பார்கள்.

படித்து முடித்துவிட்டு அவள், "நல்ல எடம்தாம்மா குடுக்கறாங்க. வர்றவங்க பஸ்லேர்ந்து கபுரைப் பாத்தா நல்லா இருக்காது இல்ல" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அங்க இருக்கறது உன் தங்கச்சிடி" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அணிந்திருந்த தொண்டர் சட்டையின் முதுகில் அந்த ரோபோ பொம்மை சிரித்தது.

5

இவரிடம் பேசுவதே ஒரு தனிப் போராட்டம். வீசாட்டை அங்கே தடை செய்திருக்கிறார்கள், வாட்ஸ்அப்பை இங்கே. நடுவில் எல்லோரும் போகிற ஒரு திருட்டு வழி உண்டு. போட்டி நெருங்க நெருங்க அதுவும் படுத்துவிட்டது. படம் காட்டிப் பேச வழியில்லை. காசு கரையக் கரையச் சாதாரண போனில்தான் பேசினோம்.

அடக்கம் செய்த ஆஹோங் வேறு மாகாணத்துக்கு மாறிப் போய்விட்டார். குழி வெட்டியவர்கள் எங்கிருந்தோ வந்த கூலிக்காரர்கள். இடம் தெரிந்த ஒரே ஆள் இவர்தான் என்பதை நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.

பிறகு சொன்னார். "வாசல்ல நொழைஞ்சதும் இடது கைப் பக்கமா சொவரு ஓரம் போ, ஜமீலா. சின்னப் புள்ளைங்க கபுரெல்லாம் அங்கதான். ஒரு மரம் இருக்கும், அதுக்குக் கீழ."

வாசல், இடது கை, சுவர், மரம். பாத்திரம் துலக்கும்போதும் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இவருடைய தம்பி போனை வாங்கி, "அண்ணி, ரூஹு அங்கயா இருக்கு, வெறும் மண்ணுதானே, வயசுப் புள்ளைய இழுத்துக்கினு மலை மேல அலையாதீங்க" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். மார்க்கப்படியும் அவன் சொன்னதில் தப்பில்லை, உயிர் மண்ணில் தங்குவதில்லை. ஆனாலும் என் வயிற்றில் பத்து மாதம் இருந்ததை முகம் தெரியாதவர்களோடு ஒரே குழியில் அள்ளிப் போடப்போகிறார்கள் என்றால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை இவனுக்கு எப்படிச் சொல்வது? சரி தம்பி என்று போனை வைத்தேன்.

6

கடைசி நாள் அன்று போனோம். இவர் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று அதுவரை இழுத்தடித்துவிட்டேன். ரிஸ்வானாவுக்கு அன்று பயிற்சி இருந்தது. பாதியில் கேட்டுக்கொண்டு, அந்தச் சட்டையோடேயே வந்து சேர்ந்தாள்.

புதிதாகக் கட்டிய படிகள், ஈரம் காயாத சாயத்தோடு ஒரு வளைவு. வாசலில் கால் வைக்கும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். இருப்பவர்களுக்குச் சலாம் சொன்னேன். என் அம்மா ஆயுள் முழுக்கப் போகாத ஓர் இடத்துக்குள், தேசம் விட்டுத் தேசம் வந்து நான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இடது கைப் பக்கம் திரும்பிச் சுவரோரமாக நடந்தோம். மரங்களை எல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். சுத்தம் செய்கிறோம் என்று எழுத்தில்லாத கற்களையும் குப்பையோடு அள்ளிப் போயிருந்தார்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றும், அதன் அருகே சின்னச் சின்னதாக மூன்று மண்மேடும்தான் மிச்சம். மூன்றின் மேலும், கேட்க ஆளில்லை என்பதற்கு அடையாளமாக வெள்ளைக் கொடி குத்தியிருந்தார்கள்.

மூன்றும் ஒரே அளவு. மூன்றின் மேலும் புல் முளைத்திருந்தது.

பதிவு செய்ய ஓர் இளம்பெண் வந்தாள். நல்ல பெண்தான், எனக்குக் குடை பிடித்தாள். எது உங்களுடையது என்று அவள் கேட்டது எனக்கே புரிந்தது. இவருக்குப் போன் போட்டேன். மலை மேல் சிக்னல் விட்டு விட்டு வந்தது. "மூணு இருக்குதுங்க, எதுங்க?" என்றேன். "மரத்துக்குப் பக்கத்துல" என்றார். "மூணுமே பக்கத்துலதாங்க இருக்குது." அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு லைன் போய்விட்டது.

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மேட்டின் மேலும் கை வைத்துப் பார்த்தேன். தாய்க்குத் தெரியாதா என்று கதைகளில் சொல்வார்கள். தெரியவில்லை. மூன்றும் ஒரே மாதிரிதான் சில்லென்று இருந்தன. மற்ற இரண்டும் யார் பெற்ற பிள்ளைகளோ. ஏமனோ பங்களாதேஷோ, இங்கே துணி வாங்க வந்து, ஊரை அடைத்தபோது திரும்பிப் போய் மறுபடி வர முடியாதவர்கள் பெற்றதாக இருக்கலாம். அவர்களுக்கு இந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்காது.

"மூணும் நம்மளதுதான்னு சொல்லு" என்றேன் ரிஸ்வானாவிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்று நானே அடித்து வளர்த்த பெண். விதி என்றால் விதி என்று பேசுகிறவள். மாட்டேன் என்றால் நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்த சீனத்தில் விலை குறைக்கத்தான் முடியும்.

அவள் திரும்பி அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்தாள். நிதானமாகப் பேசினாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், இவள் பதில் சொன்னாள். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. குடையை என் கையில் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டாள். மூன்று கொடியையும் பிடுங்கினாள்.

"இன்னா கேட்டாங்க?"

"எப்பப் பொறந்தாங்கன்னு கேட்டாங்க. மூணு பேரும் ஒண்ணாப் பொறந்தாங்க, ஒண்ணாச் செத்துட்டாங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"பேரு கேட்டாங்க. மர்யம், சாரா, ஹாஜரான்னு சொன்னேன். தங்கச்சிங்கன்னு சொன்னேன்."

அவளுடைய எட்டு வயதுத் தமிழில் இவ்வளவுதான் வரும். எனக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

7

போட்டி நடந்தது, பஸ்கள் போயின, வாணவேடிக்கை விட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, குற்றமற்றவர் என்ற காகிதத்தோடு இவர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே புது மையவாடிக்குக் கூட்டிப் போனேன். ஆம், நான்தான் கூட்டிப் போனேன். மூன்று சின்னக் கல், பெயர் எழுதியது. இவர் மூன்றுக்கும் பாத்திஹா ஓதினார். நன்றாகச் செய்தாய் ஜமீலா என்றார். என் மனதிலிருந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.

அன்று சாயங்காலம் ரிஸ்வானா தன் போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். மலை, படி, வளைவு, வளைவின் கீழே நான். இவர் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எந்த வாசல்?" என்றார்.

"மையவாடி வாசல்தாங்க. வேற எது இருக்கு?"

"கீழ ரோடு தெரியுதே."

போனை மகளிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாய் திறந்து இவரிடம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஓர் ஊய்க்கார அம்மாளிடம், ரிஸ்வானாவைப் பேச வைத்துக் கேட்டேன். பழைய வாசல் மலைக்கு மேல் கிராமத்துப் பக்கம் இருந்ததாம். சாலை போட்ட பிறகு அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, நேர் எதிரே, சாலைப் பக்கம் புதிதாக வாசல் திறந்தார்களாம். அங்கே ஒரு தடவையாவது முன்பு போயிருந்த எந்தப் பெண்ணும் இதைக் கால் வைத்ததுமே கண்டுபிடித்திருப்பாள். ஊய்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவர் சொன்ன இடது கை, நாங்கள் நுழைந்த வாசலுக்கு வலது கை.

அந்தப் பக்கச் சுவரோரத்திலும் சின்ன மேடுகள் இருந்தன. கடைசி நாள் அன்று வெளியே வரும்போதே பார்த்திருந்தேன். வெள்ளைக் கொடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. யார் பெற்ற பிள்ளைகளோ என்று ஒரு சலாம் சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

இவர் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதை நானும் சொல்லவில்லை. ரிஸ்வானா படிப்புக்காக வடக்கே போய்விட்டாள். போனில் பேசும்போதெல்லாம், தங்கச்சிங்களைப் பாத்தியா என்று கேட்கிறாள். பார்த்தேன் என்கிறேன். பொய்யில்லை. மூன்று பேரையும் பார்க்க வாராவாரம் போகிறேன். புல் பிடுங்குகிறேன், கல்லைத் துடைக்கிறேன், மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு துஆ கேட்கிறேன். அவர்கள் என் பிள்ளைகள் இல்லை என்று இனி யாரும், நானும்கூட, சொல்ல முடியாது.

அங்கே போகிற பஸ் பழைய மலைச்சரிவு வழியாகத்தான் போகும். இப்போது சரிவு முழுக்கப் பூ. ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்கிறேன். என் மர்யம் இருக்கும் இடத்தில் பஸ் நிற்பதில்லை.